கால்களை வெட்டச் சொன்ன ஆளுநர்... கூண்டில் ஏற்றிய ஸ்பெயின் அரசு! யார் இந்த ஹுவான் டி ஒன்யாதே?

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் அல்கால்டே என்று ஒரு சின்ன ஊர். அங்கே குதிரை மேல் கம்பீரமாக உட்கார்ந்திருந்த ஒரு வெண்கலச் சிலையில், 1998-ம் ஆண்டு தொடக்கத்தில் ஒரு நாள் வலது பாதத்தை மட்டும் காணோம். இரவோடு இரவாக யாரோ அறுத்து எடுத்துட்டுப் போயிட்டாங்க.

வெண்கலத்தை விற்கத் திருடினாங்களா? இல்லை. அது 400 வருஷத்துக் கணக்கு. சிலையில் இருந்தவர் பெயர் ஹுவான் டி ஒன்யாதே. ஸ்பெயின் மன்னர் சார்பில் நியூ மெக்சிகோவை ஆண்ட முதல் ஆளுநர். 1599-ல் இவர் கையெழுத்து போட்ட ஒரு தீர்ப்புதான் அந்தப் பாதத்துக்குக் காரணம்.

அப்படி என்ன தீர்ப்பு அது? அதற்காக இவருக்கு என்ன தண்டனை கிடைச்சது? விரிவாகப் பார்க்கலாம்.

வெள்ளிச் சுரங்க வீட்டுப் பிள்ளை

ஒன்யாதே ஸ்பெயினில் பிறந்தவர் இல்லை. 1550-ம் ஆண்டு வாக்கில் இன்றைய மெக்சிகோவில் உள்ள சகாதேகாஸ் பகுதியில் பிறந்தவர். அப்போது அந்த நாடு முழுக்க நியூ ஸ்பெயின் என்ற பெயரில் ஸ்பெயினின் கையில் இருந்தது. அப்பா கிறிஸ்தோபல், சகாதேகாஸ் வெள்ளிச் சுரங்கங்களைத் தொடங்கியவர்களில் ஒருவர். பணத்துக்குப் பஞ்சமே இல்லாத குடும்பம்.

கல்யாணமும் பெரிய இடத்தில்தான். மனைவி இசபெல், மெக்சிகோவைப் பிடித்த எர்னான் கோர்டெஸின் பேத்தி. அதே சமயம், கோர்டெஸிடம் தோற்ற அஸ்டெக் பேரரசர் மோக்டெசுமாவின் கொள்ளுப்பேத்தியும் அவர்தான். ஜெயித்தவர் ரத்தமும் தோற்றவர் ரத்தமும் ஒரே வீட்டில்!

ஆளுநர் பதவிக்கு ஒப்பந்தம்... செலவு யாருடையது?

இன்றைக்கு ஆளுநர் என்றால் அரசு சம்பளம், அரசு மாளிகை. அன்றைக்கு ஸ்பெயின் ஆட்சியில் புதுசாக ஒரு மாகாணத்தைப் பிடிக்கப் போகிறவருக்குக் கதையே வேற.

1595-ல் வைஸ்ராய் லூயிஸ் டி வெலாஸ்கோவுடன் ஒன்யாதே ஒரு ஒப்பந்தம் போட்டார். வைஸ்ராய் என்றால் மெக்சிகோ நகரத்தில் உட்கார்ந்து மன்னர் பெயரில் மொத்த நியூ ஸ்பெயினையும் நிர்வகிப்பவர். ஒப்பந்தத்தின் சாரம் இதுதான்: 200 படைவீரர்கள், குடியேற வரும் குடும்பங்கள், ஆடு மாடு, வண்டி, ஆயுதம், உணவு எல்லாம் ஒன்யாதே தன் கைக்காசில் கொண்டு போகணும். பெரும்பகுதிச் செலவு அவருடையது. பதிலுக்கு ஆளுநர், தலைமைப் படைத்தளபதி என்ற பதவிகள் கிடைக்கும். அவருக்குப் பிறகு வாரிசுக்கும் அந்தப் பதவி போகும்.

கூட வருகிறவர்களுக்கும் ஆசை காட்டப்பட்டது. அஞ்சு வருஷம் அங்கேயே தாக்குப்பிடித்தால், ஸ்பெயின் பிரபுக்களின் கடைசிப் படியான இதால்கோ பட்டம் கிடைக்கும்.

இதில் அரசுக்குப் பெரிய நஷ்டம் எதுவும் இல்லை. நாடு கிடைத்தால் மன்னருக்கு, தோற்றால் நட்டம் ஒன்யாதேவுக்கு. ஆனா போட்ட முதலை எடுக்கணும் என்ற நெருக்கடியோடு ஒருத்தர் ஆளப் போனால், அந்த முதலை யாரிடமிருந்து எடுப்பார்? அங்கே ஏற்கெனவே வாழ்கிற மக்களிடமிருந்துதானே!

இத்தனைக்கும் சட்டம் நல்லாவே இருந்தது. மன்னர் இரண்டாம் பிலிப் 1573-ல் போட்ட உத்தரவில், புது நாடுகளுக்குப் போவதைக் கைப்பற்றுதல் என்று சொல்லவே கூடாது, அமைதிப்படுத்துதல் என்றுதான் சொல்லணும் என்று இருந்தது. பூர்வகுடி மக்களை அன்பாக நடத்தணும் என்பதும் விதி. வார்த்தை மாறியது. வாள் மாறியதா?

83 வண்டிகள், 7,000 கால்நடைகள்

வைஸ்ராய் மாறினார், எதிரிகள் புகார் சொன்னார்கள், அதிகாரிகள் திரும்பத் திரும்பச் சோதனை போட்டார்கள். ஒப்பந்தம் போட்டு இரண்டு வருஷத்துக்கும் மேல் ஓடிப்போச்சு. காத்திருந்தவர்களில் பலர் கலைந்து போனதால், 200 பேருக்குப் பதில் 129 வீரர்கள்தான் கணக்கில் வந்தார்கள். ஒருவழியாக 1598 ஜனவரியில் பயணம் தொடங்கியது. 83 வண்டிகள், சுமார் 7,000 கால்நடைகள், பெண்கள், குழந்தைகள், பிரான்சிஸ்கன் சபைத் துறவிகள் என ஒரு நகரும் ஊர் அது.

தண்ணீர் கிடைக்காத பாலைவனத்தைக் கடந்து ரியோ கிராண்டே ஆற்றங்கரைக்கு வந்தார்கள். ஏப்ரல் 30-ம் தேதி, இன்றைய எல் பாசோ நகரத்துக்குப் பக்கத்தில், ஆற்றின் வடக்கே இருக்கும் நிலம் எல்லாம் மன்னர் பிலிப்புக்குச் சொந்தம் என்று ஒன்யாதே சடங்கு நடத்தி அறிவித்தார். அந்த நிலத்தில் வாழ்ந்தவர்களுக்கு இந்தச் செய்தி போய்ச் சேரவே இல்லை.

அங்கே வாழ்ந்தவர்களைப் புவெப்லோ மக்கள் என்று ஸ்பானியர்கள் அழைத்தார்கள். ஸ்பானிய மொழியில் புவெப்லோ என்றால் ஊர். மண்ணாலும் கல்லாலும் அடுக்கடுக்காக வீடு கட்டி, சோளம் விதைத்து வாழ்ந்த விவசாயிகள் அவர்கள். ஜூலையில் ஒகே ஓவிங்கே என்ற ஊரில் ஒன்யாதே தங்கினார். அதற்கு சான் ஹுவான் என்று பெயர் வைத்தார். பிறகு ஆற்றின் எதிர்க்கரைக்குத் தலைநகரை மாற்றினார்.

ஊர் ஊராகத் தலைவர்களைக் கூப்பிட்டு, மன்னருக்கும் திருச்சபைக்கும் கீழ்ப்படிகிறோம் என்று உறுதி வாங்கினார்கள். மொழிபெயர்ப்பாளர் வழியாகச் சொல்லப்பட்ட வார்த்தைகள் அந்தத் தலைவர்களுக்கு எவ்வளவு புரிந்திருக்கும்? ஆனா அந்தக் காகிதம் ரொம்ப முக்கியம். ஏன்னா, கீழ்ப்படிகிறேன் என்று சொன்னவர் பிறகு எதிர்த்தால், அவர் வெளியாள் இல்லை, ராஜத்துரோகி!

அகோமாவில் நடந்தது என்ன?

அகோமா ஒரு தட்டையான பாறைக் குன்றின் உச்சியில் இருக்கும் ஊர். உயரம் 350 அடிக்கும் அதிகம். அன்றைக்கு மேலே ஏற பாறையில் குடைந்த படிகள்தான் வழி.

1598 டிசம்பர் 4. ஒன்யாதேவின் மருமகன் முறையான ஹுவான் டி சல்திவார் வீரர்களோடு அங்கே வந்தார். குளிர்காலம், கையில் உணவு இல்லை. மாவும் சோளமும் கேட்டார்கள். ஒரு வருஷ விளைச்சலைப் பத்திரப்படுத்தி அடுத்த அறுவடை வரை ஓட்டுகிற மக்களிடம், குளிர்காலத்தில் தானியம் கேட்டால் என்ன ஆகும்?

சண்டை எப்படித் தொடங்கியது என்பதில் இரண்டு கதை உண்டு. முன்கூட்டியே திட்டம் போட்டுத் தாக்கினார்கள் என்றது ஸ்பானியர் தரப்பு. வீரர்கள் அத்துமீறிப் பொருட்களைப் பறித்தார்கள் என்பது அகோமா தரப்பு. முடிவில் சல்திவாரும் அவரோடு பத்துக்கும் மேற்பட்டவர்களும் கொல்லப்பட்டார்கள்.

ஒன்யாதே உடனே படையை அனுப்பவில்லை. முதலில் துறவிகளைக் கூப்பிட்டு, இது நியாயமான போராகுமா என்று கருத்து கேட்டார். ஆகும் என்று பதில் வந்தது. படைக்குத் தலைமை யார் தெரியுமா? இறந்தவரின் தம்பி விசென்தே டி சல்திவார்.

1599 ஜனவரியில் சுமார் 70 வீரர்கள் குன்றைச் சூழ்ந்தார்கள். பெரும் படை ஒரு பக்கம் கவனத்தை இழுக்க, 12 பேர் மறுபக்கம் ஏறிவிட்டார்கள். பிறகு இரண்டு சிறு பீரங்கிகள் மேலே போயின. மூணு நாள் சண்டை. ஸ்பானியர் தரப்பில் இழப்பு மிகக் குறைவு. அகோமாவில் ஆண், பெண், குழந்தைகள் என 600 முதல் 800 பேர் வரை இறந்ததாகச் சொல்கிறார்கள். ஊர் எரிக்கப்பட்டது. சுமார் 80 ஆண்களும், 500 பெண்கள், குழந்தைகளும் பிடிபட்டார்கள்.

அந்தத் தீர்ப்பு

பிடிபட்டவர்கள் மேல் முறைப்படி வழக்கு நடந்தது. அவர்கள் சார்பில் வாதாட ஒருவரும் நியமிக்கப்பட்டார். அவரும் ஒன்யாதேவின் கீழ் வேலை பார்க்கும் கேப்டன்தான்! நீதிபதி யார்? ஒன்யாதேவே. இறந்தவர் அவர் சொந்தக்காரர், ஆனாலும் தீர்ப்பு சொன்னது அவர்தான். அன்றைய ஆளுநர் கையில் படை, நிர்வாகம், நீதி மூன்றும் இருந்தது.

1599 பிப்ரவரி 12-ல் வந்த தீர்ப்பு இது:

25 வயதுக்கு மேற்பட்ட ஆண்கள்: ஒரு பாதத்தை வெட்டணும், 20 வருஷம் அடிமை வேலை.

12 முதல் 25 வயது ஆண்கள்: 20 வருஷம் அடிமை வேலை.

12 வயதுக்கு மேற்பட்ட பெண்கள்: 20 வருஷம் அடிமை வேலை.

12 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகள்: குற்றம் இல்லை என்று அறிவிக்கப்பட்டு, சிறுமிகள் துறவிகள் பொறுப்பிலும், சிறுவர்கள் விசென்தே சல்திவார் பொறுப்பிலும் விடப்பட்டார்கள். சிறுமிகளில் சுமார் 60 பேர் மெக்சிகோ நகரத்துக்கு அனுப்பப்பட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து அகோமாவில் இருந்த ஹோப்பி இனத்தவர் இரண்டு பேருக்கு வலது கையை வெட்டி, எச்சரிக்கையாக ஊருக்குத் திருப்பி அனுப்பச் சொன்னது தீர்ப்பு.

பாதத்தை இழக்க வேண்டியவர்கள் 24 பேர். வெட்டப்பட்டது முழுப் பாதமா, கால்விரல்களா என்ற விவாதம் ஆய்வாளர்களிடையே இன்னும் ஓடுகிறது. ஆனா தீர்ப்பில் எழுதியிருப்பது பாதம்தான்.

தங்கமும் இல்லை... ஆளும் இல்லை

இவ்வளவு செய்தும் ஒன்யாதே தேடி வந்த செல்வம் கிடைக்கவில்லை. வெள்ளி இல்லை, தங்கம் இல்லை. குடியேறியவர்கள் வயிற்றுக்கே புவெப்லோ மக்களின் சோளத்தையும் போர்வையையும் நம்பியிருந்தார்கள். வரி என்ற பெயரில் அதை வாங்க வாங்க, அந்த மக்கள் பட்டினிக்குத் தள்ளப்பட்டார்கள்.

1601-ல், கிவிரா என்ற பணக்கார நாட்டைத் தேடி இன்றைய கேன்சஸ் சமவெளி வரை ஒன்யாதே போனார். கிடைத்தது புல்வெளியும் காட்டெருமையும்தான். திரும்பி வந்து பார்த்தால், குடியேறியவர்களில் பெரும்பாலானோர் மூட்டை கட்டிக்கொண்டு தெற்கே ஓடிவிட்டிருந்தார்கள்! போனவர்கள் சும்மா இல்லை, மெக்சிகோவில் அவர் மேல் புகார் மேல் புகார் கொடுத்தார்கள்.

அடுத்து கடலுக்கு வழி தேடி கலிபோர்னியா வளைகுடா வரை போனார். திரும்பும்போது 1605 ஏப்ரலில் எல் மோரோ என்ற பாறையில் தான் இந்த வழியாக வந்து போனதைப் பொறித்து வைத்தார். அது இன்றும் இருக்கிறது.

1607-ல் ராஜினாமா கடிதம் எழுதினார். குடும்பச் சொத்து கரைந்துவிட்டது. மாகாணத்தையே கைவிடலாமா என்று ஸ்பெயின் யோசித்தது. ஆனா ஞானஸ்நானம் பெற்றவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பதாகத் துறவிகள் சொன்னதால், அரசே செலவை ஏற்றது. அரசு சம்பளத்தில் வந்த அடுத்த ஆளுநர் பெத்ரோ டி பெரால்தா. 1610 வாக்கில் அவர் அமைத்த சாந்தா ஃபேதான் இன்றும் நியூ மெக்சிகோவின் தலைநகர்.

ஆளுநரே குற்றவாளிக் கூண்டில்

ஸ்பெயின் ஆட்சியில் ஒரு வழக்கம் உண்டு. பதவியை விட்டு இறங்கும் அதிகாரியின் செயல்பாட்டை விசாரிப்பார்கள், யார் வேண்டுமானாலும் புகார் சொல்லலாம். கடல் கடந்து இருக்கும் மன்னருக்கு ஆளுநர்களைக் கட்டுப்படுத்த இருந்த முக்கியமான கடிவாளம் இப்படிப்பட்ட விசாரணைதான்.

மெக்சிகோ நகரத்தில் ஒன்யாதே மேல் சுமார் 30 குற்றச்சாட்டுகள் வைக்கப்பட்டன. 1614-ல் அவற்றில் 12 நிரூபணமானதாகத் தீர்ப்பு வந்தது. அகோமாவில் அளவுக்கு மீறிய கொடுமை, தன் அதிகாரிகளையே கொல்ல வைத்தது, முறைதவறிய உறவு எல்லாம் அதில் அடக்கம்.

தண்டனை: நியூ மெக்சிகோவுக்குள் ஆயுள் முழுக்க நுழையத் தடை. மெக்சிகோ நகரத்திலிருந்து நாலு வருஷம் வெளியேற்றம். 6,000 டுக்காட் அபராதம். பட்டங்களும் பறிபோயின. விசென்தே சல்திவாருக்கும் தண்டனை கிடைத்தது. ஒன்யாதேவின் படையெடுப்பைப் புகழ்ந்து 1610-ல் காவியம் எழுதிய கேப்டன் வில்லாக்ராவும் தப்பவில்லை.

அந்தக் காலத்தில் பூர்வகுடிகளைக் கொடுமை செய்ததற்காக ஒரு ஆளுநரே தண்டிக்கப்பட்டது சாதாரண விஷயம் இல்லை. ஆனா கவனிங்க: தண்டனை எல்லாம் ஆளுநருக்கும் அரசுக்கும் இடையில் முடிந்துவிட்டது. அடிமையாக்கப்பட்டவர்களுக்கு விடுதலை, காலை இழந்தவர்களுக்கு ஈடு, அனுப்பப்பட்ட சிறுமிகளைத் திருப்பிக் கொண்டுவருவது... எதுவும் தண்டனைப் பட்டியலில் இல்லை.

ஒன்யாதே விடவில்லை. ஸ்பெயினுக்கே போய் மன்னரிடம் முறையிட்டார். இழந்த மரியாதையில் பெரும்பகுதி திரும்பக் கிடைத்தது. சுரங்கம் தெரிந்த குடும்பம் என்பதால் ஸ்பெயினின் சுரங்க ஆய்வாளராகவும் நியமிக்கப்பட்டார். 1626-ல் குவாதல்கனால் என்ற சுரங்க ஊரில் இறந்தார்.

இன்னும் ஏன் சர்ச்சை?

நியூ மெக்சிகோவின் ஸ்பானிய வம்சாவளிக் குடும்பங்கள் பலவற்றுக்கு ஒன்யாதே தங்கள் வரலாற்றின் தொடக்கம். மொழி, மதம், ஆடு வளர்ப்பு என எல்லாம் அவரோடு வந்தவை. புவெப்லோ மக்களுக்கோ அவர் பாதத்தை வெட்டியவர். 2020 ஜூனில் அல்கால்டே சிலையை அதிகாரிகளே அகற்றினார்கள். அதே நாளில் அல்புகெர்க்கியில் இருந்த இன்னொரு ஒன்யாதே சிலை முன் நடந்த போராட்டத்தில் ஒருவர் துப்பாக்கியால் சுடப்பட்டார். அந்தச் சிலையும் அகற்றப்பட்டது.

ஒன்யாதே முதலில் தங்கிய ஒகே ஓவிங்கே ஊருக்கு இன்னொரு பெருமை உண்டு. 1680-ல் புவெப்லோ மக்களைத் திரட்டி, ஸ்பானியர்களை 12 வருஷம் நியூ மெக்சிகோவை விட்டே விரட்டிய போப்பே அந்த ஊர்க்காரர்தான்.

அகோமா? அடிமை வேலையிலிருந்து தப்பியவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்து, எரிந்த ஊரை அதே குன்றின் மேல் கட்டினார்கள். அமெரிக்காவிலேயே தொடர்ந்து மக்கள் வாழும் மிகப் பழைய ஊர்களில் ஒன்று அது. பாறையில் குடைந்த அந்தப் படிகளில் அவர்களின் பிள்ளைகள் இன்றும் ஏறி இறங்குகிறார்கள்.