ஏடு காத்த நீதிபதி: சி. வை. தாமோதரம்பிள்ளை

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை வீதியால் பஸ்ஸில் போகும்போது கோப்பாயும் நீர்வேலியும் கழிந்ததும் சிறுப்பிட்டி வரும். செம்மண் தோட்டங்களும் வாழைகளும் உள்ள ஊர். அந்த வழியால் நான் பலமுறை போயிருக்கிறேன். ஆனால், உயர்தர வகுப்பில் தமிழை ஒரு பாடமாக எடுத்து, இலக்கிய வரலாற்றில் பதிப்பு முயற்சிகள் பற்றிய பகுதிக்கு வந்தபோதுதான் அந்த ஊரின் பெருமை எனக்குத் தெரிந்தது. சி. வை. தாமோதரம்பிள்ளை என்ற பெயரில் உள்ள முதல் எழுத்து சிறுப்பிட்டியைக் குறிக்கிறது. இரண்டாவது எழுத்து அவருடைய தந்தையார் வைரவநாதபிள்ளையைக் குறிக்கிறது.

நான் சட்டம் படிக்க விரும்புகிறேன். சட்டம் படிக்கப் போகிறவளுக்குப் பழைய தமிழ் எதற்கு என்று உறவினர்கள் சிலர் கேட்பதுண்டு. அப்போதெல்லாம் எனக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரிவதில்லை. தாமோதரம்பிள்ளையின் வாழ்க்கையை வாசித்த பிறகு அந்தப் பதில் எனக்குக் கிடைத்தது. அதை இக்கல்லூரித் தோழியரோடும் பெற்றோரோடும் பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

அவர் 1832ஆம் ஆண்டு செப்டெம்பர் 12ஆம் திகதி பிறந்தார். தாயார் பெயர் பெருந்தேவி. தொடக்கத்தில் தந்தையாரிடம் படித்தார். பின்னர் சுன்னாகம் முத்துக்குமாரக் கவிராயரிடம் தமிழ் கற்றார். தெல்லிப்பழை அமெரிக்க மிஷன் பாடசாலையில் ஆங்கிலம் கற்று, வட்டுக்கோட்டை செமினரியில் சேர்ந்தார். 1823இல் அமெரிக்க மிஷனரிமார் தொடங்கிய அந்தக் கல்விக்கூடம், கணிதம், விஞ்ஞானம், தத்துவம் முதலியவற்றை ஆங்கிலத்தில் கற்பித்து, அக்காலத்து யாழ்ப்பாணத்துக்கு ஒரு பல்கலைக்கழகம் போல் விளங்கியது. 1852இல் அங்கே படிப்பை முடித்துக் கோப்பாயில் ஆசிரியரானார்.

1854இல் அவர் தமது முதல் நூலைப் பதிப்பித்தார். அப்போது அவருக்கு வயது இருபதுகளின் தொடக்கந்தான். அந்த நூல் குமரகுருபரர் இயற்றிய நீதிநெறி விளக்கம். இளமை, செல்வம், கல்வி, அரசர் கடமை, நல்லோர் ஒழுக்கம் என்று வாழ்க்கைக்கு வேண்டியவற்றைச் சொல்லும் நீதிநூல் அது. பிற்காலத்தில் நீதிமன்றத்தில் அமரப்போகும் ஒருவர், இளமையில் முதன்முதலாகக் கையிலெடுத்த நூல் நீதி பற்றியதாக இருந்தது என்பது எனக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

பின்னர் பேர்சிவல் பாதிரியார் அவரைச் சென்னைக்கு அழைத்து, தினவர்த்தமானி என்ற பத்திரிகையின் ஆசிரியராக்கினார். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. அதன் முதலாவது பி.ஏ. தேர்வில் தேறியவர்கள் இரண்டே பேர். இருவரும் யாழ்ப்பாணத்தவர்கள். ஒருவர் தாமோதரம்பிள்ளை. மற்றவர் விசுவநாதபிள்ளை. இந்தியாவின் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் நமது குடாநாட்டிலிருந்து போனவர்கள் என்பதை எங்களில் எத்தனை பேர் அறிந்திருக்கிறோம்?

பட்டம் பெற்ற பின் அவர் கள்ளிக்கோட்டையில் அரசாங்கக் கல்லூரியில் கற்பித்தார். அதன்பிறகு சென்னையில் அரசாங்க வரவுசெலவுக் கணக்குப் பகுதியில் உத்தியோகம் பார்த்தார். உத்தியோகத்தில் இருந்துகொண்டே சட்டம் படித்து, 1871இல் பி.எல். பட்டம் பெற்றார். 1882இல் ஓய்வுபெற்றுக் கும்பகோணத்தில் வழக்கறிஞராகத் தொழில் செய்தார். 1887 முதல் 1890 வரை புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் நீதிபதியாக இருந்தார். 1895இல் அரசாங்கம் அவருக்கு ராவ்பகதூர் பட்டம் அளித்தது.

இதோடு நின்றிருந்தால் அவர் நன்றாகப் படித்து, நல்ல பதவி வகித்த ஒரு பெரியவராக மட்டும் இருந்திருப்பார். இன்று அவர் பெயர் நிலைத்திருப்பது வேறொரு காரணத்தால். பகலில் கணக்கும் வழக்கும் பார்த்த அந்தக் கண்கள், ஓய்வு நேரமெல்லாம் செல்லரித்த பனையோலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தன.

பனையோலை ஏடு நிலையான பொருளல்ல. சில தலைமுறைகளுக்கு ஒருமுறை அதைப் புதிய ஓலையில் எழுதி வைக்கவேண்டும். எழுதுவோர் இல்லாமற் போனால் பூச்சியும் கறையானும் ஈரமும் அதை முடித்துவிடும். 19ஆம் நூற்றாண்டில் நிலைமை அப்படித்தான் இருந்தது. அச்சு வந்துவிட்டது, பாடசாலைகளும் வந்துவிட்டன. ஆனால் சங்க நூல்களையும் பழைய இலக்கணங்களையும் படிப்போர் மிகச் சிலர். வீட்டுப் பரணில் கிடந்த ஏடுகளைப் பழங்குப்பை என்று ஆற்றில் விட்டவர்களும், அடுப்பில் இட்டவர்களும் உண்டு. இன்னும் ஒரு தலைமுறை கழிந்தால் சில நூல்களின் பெயர்கூட மிஞ்சாது என்பதை அவர் உணர்ந்தார். தம்மைவிடப் பெரிய வித்துவான்கள் இருக்கிறார்கள் என்பதும், தம் பதிப்பில் பிழை வந்தால் ஏளனம் செய்வார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். வேறு யாரும் முன்வராத வேலையை யாராவது ஒருவர் செய்தே ஆகவேண்டும் என்று இறங்கினார்.

1868இல் தொல்காப்பியச் சொல்லதிகாரம் சேனாவரையர் உரையுடன் வெளிவந்தது. அதைப் பரிசோதித்துக் கொடுத்தவர் ஆறுமுக நாவலர், வெளியிட்டவர் தாமோதரம்பிள்ளை. 1879இல் நாவலர் மறைந்த பிறகு பொறுப்பு முழுவதும் இவர் தோளில் விழுந்தது. 1881இல் வீரசோழியம், 1883இல் இறையனார் அகப்பொருளும் தணிகைப் புராணமும், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887இல் கலித்தொகை, 1889இல் இலக்கண விளக்கமும் சூளாமணியும், 1891இலும் 1892இலும் தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரமும் சொல்லதிகாரமும் நச்சினார்க்கினியர் உரையுடன் வந்தன. எட்டுத்தொகை நூல்களுள் முதன்முதலில் அச்சேறியது அவர் பதிப்பித்த கலித்தொகையே.

இந்த வேலை எவ்வளவு கடினம் என்பதை விளங்கிக்கொள்ள ஓர் உதாரணம் சொல்கிறேன். ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. குறில் ஒகரத்துக்கும் நெடில் ஓகாரத்துக்கும் வேறுபாடு காட்டுவதில்லை. ஆகவே கொல் என்று எழுதினாலும் கோல் என்று எழுதினாலும் ஏட்டில் ஒரே தோற்றந்தான். செய்யுள் எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்பதற்கு இடைவெளியும் இல்லை. இத்தனைக்கும் மேலே பூச்சி தின்ற ஓட்டைகள். ஒரு சொல்லைத் தவறாக வாசித்தால் கருத்தே மாறிவிடும்.

அவர் என்ன செய்தார்? ஒரே நூலுக்கு வெவ்வேறு ஊர்களிலிருந்து பல பிரதிகளைத் தேடி எடுத்தார். ஒன்றோடொன்றை ஒப்பிட்டார். ஒரு பிரதியில் உள்ளது மற்றொன்றில் வேறாக இருந்தால் எது பொருந்தும் என்று ஆராய்ந்தார். எனக்கு இது நீதிமன்றத்தை நினைவூட்டுகிறது. ஒவ்வொரு பிரதியும் ஒரு சாட்சி. சாட்சிகள் முரண்படும்போது நீதிபதி தம் விருப்பத்தைத் தீர்ப்பாக எழுத முடியாது. கிடைத்த சான்றுகளை நிறுத்துப் பார்த்தே முடிவு சொல்லவேண்டும். சட்டம் அவருக்குக் கொடுத்த பயிற்சியும் தமிழ் அவரிடம் கேட்ட உழைப்பும் ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

இந்த ஒழுங்கு எங்களுக்கும் புதியதன்று. யமாமாப் போரில் குர்ஆனை மனனமிட்ட பலர் ஷஹீதானபோது, உமர் (ரழி) அவர்களின் யோசனைப்படி கலீஃபா அபூபக்கர் (ரழி) அவர்கள் ஸைத் பின் ஸாபித் (ரழி) அவர்களிடம் வேதத்தை ஒன்றுதிரட்டும் பணியை ஒப்படைத்ததை இஸ்லாம் பாடத்தில் படித்திருக்கிறோம். அவர்கள் தாமே ஹாபிழாக இருந்தும், தம் நினைவை மட்டும் நம்பாமல், பேரீச்ச மட்டைகளிலும் கற்களிலும் எழுதப்பட்டவற்றையும் மனனமிட்டோரின் சாட்சியத்தையும் தேடிச் சேர்த்தார்கள். அல்லாஹ்வின் வேதத்தை மனிதர் எழுதிய நூல்களோடு வைத்துப் பார்ப்பது என் நோக்கமன்று. கைக்கு வந்த எழுத்தை அமானிதமாக மதிக்கும் அந்தப் பேணுதலைப் படித்திருந்ததால்தான், தாமோதரம்பிள்ளையின் உழைப்பின் பெறுமதி எனக்குச் சீக்கிரம் விளங்கியது.

அவர் புதுக்கோட்டையில் நீதிபதியான 1887ஆம் ஆண்டிலேயே கலித்தொகையும் வெளிவந்தது. அந்நூலின் நெய்தற்கலிப் பாடல் ஒன்றில், தலைவியை விட்டுப் பிரிந்திருக்கும் தலைவனுக்குத் தோழி அறிவுரை சொல்கிறாள். உதவி என்றால் என்ன, பண்பு என்றால் என்ன, அன்பு, அறிவு, பொறுமை என்றால் என்ன என்று ஒவ்வொன்றாக விளக்குகிறாள். அந்த வரிசையில் நீதிமுறையும் வருகிறது. குற்றம் செய்தவர் யார் என்று பார்த்துத் தாட்சண்யம் காட்டாமல் தண்டிப்பதே முறை என்பது அதன் பொருள். உயர்குலப் பெண்ணொருத்தியின் திருட்டு வழக்கில் வந்த பரிந்துரையை நபி (ஸல்) அவர்கள் ஏற்க மறுத்த ஹதீஸ் எனக்கு உடனே நினைவுக்கு வந்தது. காதலைப் பாடும் ஒரு நூலுக்குள் சட்டத்தின் அடிப்படை இருக்கிறது. சட்டம் படிக்கப் போகிறவளுக்குப் பழைய தமிழ் எதற்கு என்று இனி யாராவது கேட்டால், இந்தப் பாடலைக் காட்டுவேன்.

தாட்சண்யமின்மையை அவர் பதிப்பிலும் காட்டினார். அவர் சைவ சமயத்தவர். ஆனால் வீரசோழியத்தை எழுதிய புத்தமித்திரர் பௌத்தர். சூளாமணியை எழுதிய தோலாமொழித் தேவர் சமணர். தணிகைப் புராணம் சைவ நூல். எல்லாவற்றையும் ஒரே கவனத்தோடு பதிப்பித்தார். ஆசிரியர் என்ன சமயம் என்று பார்த்து ஏட்டைக் காப்பாற்றுவதா கைவிடுவதா என்று அவர் முடிவு செய்யவில்லை. அவருடைய மகன் அழகசுந்தரம் கிறிஸ்தவராகி, பிரான்சிஸ் கிங்ஸ்பரி என்ற பெயரோடு கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் தமிழ் கற்பித்தார். தமிழ் ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு அந்த ஒரு குடும்பமே சான்று. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம் பெண்ணாகிய எனக்கு இது ஆறுதலான செய்தி.

அவர் பதிப்புகளில் குறைகளே இல்லையென்று சொல்லமாட்டேன். பொருளதிகாரம் முழுவதற்கும் உரை நச்சினார்க்கினியருடையது என்று அவர் கருதினார். அதன் கடைசி இயல்கள் சிலவற்றின் உரை பேராசிரியருடையது என்று பின்வந்த அறிஞர்கள் காட்டினார்கள். ஆனால் அந்தப் பிழையைக் கண்டுபிடிக்கவும் அச்சிட்ட நூல் கையில் இருக்கவேண்டியிருந்தது. சீவக சிந்தாமணியையும் தாமே பதிப்பிக்க விரும்பினார். கும்பகோணத்தில் ஆசிரியராக இருந்த உ. வே. சாமிநாதையர் அதை விட்டுக்கொடுக்காமல் தாமே 1887இல் வெளியிட்டார். அகநானூற்றையும் பதிப்பிக்க எண்ணியிருந்தார், அது நிறைவேறவில்லை. 1901ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதி சென்னையில் அவர் காலமானார்.

இதை வாசித்து முடித்த இரவில் உம்மும்மாவிடம் அவரைப் பற்றிச் சொன்னேன். ஓலை உடைந்து போவதைச் சொன்னபோது, உம்மும்மா தன் வாப்பாவின் கொப்பி ஒன்றைப் பற்றிச் சொன்னார். சோனகத் தெரு வீட்டு அலுமாரியில் இருந்த கொப்பி. முனாஜாத்துகளும், பள்ளிவாசலில் பாடிய பைத்துகளும், ஊரில் யார் எப்போது பிறந்தார், எப்போது மௌத்தானார் என்ற குறிப்புகளும் அதில் இருந்தனவாம். சில பக்கங்கள் அரபுத்தமிழில். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் சில மணி நேரத்தில் எல்லாவற்றையும் விட்டுப் புறப்பட நேர்ந்தபோது, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனவர்களுக்குக் கொப்பியை எடுக்க நினைவில்லை. புத்தளத்தில் பல வருடங்கள் இருந்துவிட்டுத் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரையும் இல்லை, அலுமாரியும் இல்லை. அதற்கு இரண்டாவது பிரதி யாரும் எழுதி வைக்கவில்லை.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது 97,000 நூல்கள் அளவில் அழிந்தன என்று படித்திருக்கிறோம். அவற்றுள் ஓலைச்சுவடிகளும் இருந்தன. அச்சிட்ட நூலுக்கு வேறெங்காவது ஒரு பிரதி இருக்கும். ஒரே ஒரு சுவடியாக இருந்தது போனால் போனதுதான். தாமோதரம்பிள்ளை பதிப்பித்த நூல்களை நாங்கள் இன்றும் படிப்பதற்குக் காரணம், அவர் அவற்றை ஒன்றிலிருந்து பலவாக்கினார் என்பதே.

கடந்த விடுமுறையில் ஒரு புதிய கொப்பி வாங்கினேன். உம்மும்மாவுக்கு நினைவிருக்கும் முனாஜாத்துகளை அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். அவருடைய தங்கை புத்தளத்தில் இருக்கிறார். அவருக்குத் தொலைபேசி எடுத்து அதே அடிகளைக் கேட்கிறேன். இருவரும் ஒன்றாகச் சொன்னால் மையால் எழுதுகிறேன். வேறுபட்டால் இரண்டையும் பென்சிலால் எழுதி வைக்கிறேன். இருவருக்கும் மறந்துபோன இடத்தில் நானாக ஒரு சொல்லைப் போட்டு ஓசையை நிரப்பலாம்; அது எனக்குக் கஷ்டமில்லை. ஆனால் அந்த இடங்களை வெறுமையாகவே விடுகிறேன். இதுவரை பதினொரு பக்கங்கள் எழுதியாயிற்று. பாடசாலை தொடங்கிவிட்டதால் இப்போது வெள்ளிக்கிழமைகளில் மட்டும் எழுதுகிறோம்.

தோழியரே, உங்கள் வீட்டிலும் மூத்தவர்கள் இருப்பார்கள். அவர்களிடம் கேளுங்கள், கேட்டதை எழுதி, இரண்டு பிரதிகளாக வையுங்கள்.