கடல் கடந்து வென்றார். வீடு திரும்பி வீழ்ந்தார்!

1918-ஆம் ஆண்டு, டிசம்பர் 4-ஆம் நாள். நியூயார்க் துறைமுகத்தினின்றும் புறப்படுகிறது ‘ஜார்ஜ் வாஷிங்டன்’ எனும் கப்பல். உள்ளே இருப்பவர் உட்ரோ வில்சன், அமெரிக்கக் குடியரசுத் தலைவர்! பதவியில் இருக்கும்போதே ஐரோப்பா சென்ற முதல் அமெரிக்கத் தலைவர் அவரே. இலட்சோபலட்சம் இளைஞர்களை விழுங்கிய முதல் உலகப் போர் ஓய்ந்து 23 நாட்களே ஆகியிருந்தன. பாரீசிலே சமாதான மாநாடு. இனிப் போரே கூடாது, நாடுகள் கூடிப் பேசி வழக்குத் தீர்த்துக்கொள்ள ஒரு சங்கம் வேண்டும் என்பது வில்சன் கண்ட கனவு.

யார் இந்த வில்சன்? 1856-இல் விர்ஜினியாவிலே ஒரு பாதிரியாரின் வீட்டில் பிறந்தவர். உள்நாட்டுப் போரின் கொடுமையைப் பிள்ளைப் பருவத்திலேயே கண்டவர். பேராசிரியராகி, 1902-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் தலைவராகி, 1911-இல் நியூஜெர்சி ஆளுநராகி, 1913-இல் நாட்டின் தலைமைப் பீடம் ஏறியவர். ஏட்டைப் புரட்டிய கரம் நாட்டை நடத்தியது!

பாரீசும் இலண்டனும் ரோமும் அவரை வாழ்த்தி வரவேற்றன. வீதியெல்லாம் மக்கள் வெள்ளம்! ஆனால், சொந்த நாட்டிலே? புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்புதான் தேர்தல் நடந்திருந்தது. தம் டெமாக்ரடிக் கட்சிக்கே வாக்களிக்க வேண்டுமென்று வில்சன் நாட்டினரைக் கேட்டார். மக்களோ இரு சபைகளையும் ரிபப்ளிகன் கட்சியிடம் ஒப்படைத்தனர். வில்சனுக்கு நாட்டின் பெயரால் பேச உரிமை ஏது என்று முன்னாள் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் முழங்கினார்.

அறிவுள்ள தலைவர் அப்போது என்ன செய்திருக்க வேண்டும்? மாற்றுக் கட்சியினரையும் உடன் அழைத்துச் சென்றிருக்க வேண்டும். வில்சன் அமைத்த ஐவர் குழுவிலோ ரிபப்ளிகன் ஒரே ஒருவர், ஹென்றி ஒயிட். அவரும் பழைய தூதுவர். கட்சியிலே செல்வாக்கு உள்ளவரல்லர். செனட் உறுப்பினர் ஒருவர்கூட இல்லை! ஒப்பந்தம் செல்லுபடியாக வேண்டுமானால் செனட்டில் மூன்றில் இரு பங்கினர் ஒப்ப வேண்டும் என்பது சட்டம். கதவின் சாவி யாரிடமோ, அவரையே வெளியே நிறுத்திவிட்டுச் சென்றார்!

எதிரணியின் தளபதி ஹென்றி கேபட் லாட்ஜ். வில்சனைப் போலவே படித்தவர். வில்சனை அறவே வெறுத்தவர். 96 பேர் கொண்ட சபையில் 33 பேர் எதிர்த்தாலே ஒப்பந்தம் வீழும். 1919 மார்ச்சிலே, சங்கத்தின் திட்டத்தை இந்த வடிவில் ஏற்க இயலாது என 37 பேர் கையொப்பமிட்ட அறிக்கையை லாட்ஜ் படித்துக் காட்டினார். நம் பிள்ளைகளைப் போருக்கு அனுப்பும் அதிகாரம் அயலாரிடம் போகலாமா என்று அவர்கள் கேட்டது அர்த்தமுள்ள கேள்விதான். ஆனால் அந்தக் கேள்வியோடு பகையும் கலந்திருந்தது.

வில்சனிடம் வேறு குறைகளும் இருந்தன. எல்லா இனத்தவரும் சமம் என்று சங்கத்தின் விதியிலே எழுதும்படி ஜப்பான் கேட்டது. 17 வாக்குகளில் 11 ஆதரவு! தலைமை வகித்த வில்சனோ, ஒருமித்த முடிவு இல்லை என்று கூறி அதைத் தள்ளிவிட்டார். சுயநிர்ணயம் பேசிய நாவுக்குச் சமத்துவம் கசந்தது! உள்நாட்டுக் கட்சிக் கூச்சலிலே இந்தக் குறை உரிய அளவு பேசப்படவில்லை. கட்சிக் கண்ணாடி அணிந்தோர் கண்ணுக்குச் செய்த ஆளே தெரிந்தார், செயல் தெரியவில்லை.

1919 ஜூன் 28-இல் வெர்சேல்ஸ் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 14 நிபந்தனைகளோடு ஏற்கலாம் என்றார் லாட்ஜ். வில்சன் வளையவில்லை. மக்களிடமே முறையிடுவேனென்று செப்டம்பரில் இரயிலேறி, ஊர் ஊராகச் சென்று முழங்கினார். பூப்ளோ நகரிலே உடல் தளர்ந்தது. அக்டோபர் 2-இல் பக்கவாதம் தாக்கியது. நோயிலும் பிடிவாதம் குறையவில்லை. நிபந்தனையோடு கூடிய ஒப்பந்தத்தை எதிர்க்கும்படி தம் கட்சியினருக்கே கட்டளையிட்டார். 1920 மார்ச் 19-இல் ஆதரவு 49, எதிர்ப்பு 35. ஏழே வாக்குகள் குறைந்தன! சங்கம் பிறந்தது, அதைப் பெற்றவரின் நாடு அதிலே சேரவில்லை. நோபல் பரிசு வந்தது, நிறைவு வரவில்லை. 1924 பிப்ரவரி 3-இல் வில்சன் மறைந்தார். லாட்ஜும் அதே ஆண்டு மறைந்தார். பதினைந்தே ஆண்டுகளில் இரண்டாவது உலகப் போர் மூண்டது.

இந்தப் பாடத்தைக் கற்றவர் ஒருவர் இருந்தார். வில்சன் ஆட்சியிலே கடற்படைத் துறையில் பணியாற்றிய பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்! 1945-இல் ஐக்கிய நாடுகள் சபையை அமைக்கும் மாநாட்டுக்கு, தம்மை நெடுங்காலம் எதிர்த்த ரிபப்ளிகன் செனட்டர் வாண்டன்பர்க்கையும் பிரதிநிதியாக நியமித்தார். மாநாடு கூடுமுன் ரூஸ்வெல்ட் மறைந்தார். ஆனால் அவர் போட்ட பாதை பழுதாகவில்லை. செனட்டில் ஆதரவு 89, எதிர்ப்பு இரண்டே இரண்டு!

எந்த நாட்டுத் தலைவர் அயல்நாடு சென்றாலும் இங்கே ஒரு கூட்டம் ஆலவட்டம் வீசும். இன்னொரு கூட்டம் வசைமாரி பொழியும். ஆளுங்கட்சியினரே, கேள்வி கேட்பவனைத் துரோகி என்னாதீர்! கேட்பது அவன் உரிமை மட்டுமல்ல, கடமை. எதிர்க்கட்சியினரே, கையெழுத்திட்ட கை யாருடையது என்று பார்க்குமுன், எழுதியிருப்பது என்ன என்று படியுங்கள்! வில்சனும் லாட்ஜும் ஒருவரையொருவர் தோற்கடிக்கப் பார்த்தனர். தோற்றது அமைதி!