தேய்மானத்தைக் கணக்கிட்ட மருத்துவர்

அறுபது வயதைக் கடந்தவர்கள் கூடும் இடங்களில் தவறாமல் எழும் பேச்சு, மூட்டு மாற்று அறுவை சிகிச்சை. ஒரு வீட்டில், இந்த வயதுக்கு மேல் அறுவை எதற்கு என்று சொல்லி முதியவரை வலியோடு வாழப் பழக்கிவிடுகிறார்கள். இன்னொரு வீட்டில், எக்ஸ்-ரே படத்தில் தேய்மானம் தெரிந்த உடனேயே நாள் குறித்துவிடுகிறார்கள். இரண்டு முடிவுகளிலும் அவசரம் இருக்கிறது. இந்த அறுவையை இன்று நாம் அறியும் வடிவில் உருவாக்கிய ஜான் சார்ன்லியின் வாழ்க்கையோ, அவசரத்துக்கு அவர் கொடுத்த விலையின் கதை. பிறகு கற்ற பொறுமையின் கதையும்கூட.

இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் உள்ள பரி என்ற ஆலை நகரில் 1911 ஆகஸ்ட் 29-ஆம் தேதி பிறந்தவர் சார்ன்லி. தந்தை மருந்துக் கடை நடத்தினார். தாய் செவிலியர் பயிற்சி பெற்றவர். மான்செஸ்டரில் படித்து 1935-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். இரண்டாம் உலகப் போரில் ராணுவ மருத்துவராகச் சேர்ந்து, டன்கிர்க் மீட்பின்போது பணியாற்றினார். பின்னர் கெய்ரோவில் எலும்பு முறிவு சிகிச்சையில் ஈடுபட்டார். இயந்திரப் பட்டறைகளின் மீது அவருக்கு இருந்த ஈடுபாடு அங்கேதான் வளர்ந்தது. மருத்துவத்தைப் பொறியாளரின் கண்ணோடு பார்க்கும் பழக்கம் அவரை விட்டு நீங்கவே இல்லை.

தன் உடலையே சோதனைக்கூடமாக்கும் துணிவும் அவரிடம் இருந்தது. எலும்பு ஒட்டு எவ்வாறு பிடிக்கிறது என்பதை அறிய, சக மருத்துவர் ஒருவரைக் கொண்டு தன் காலிலேயே அறுவை செய்துகொண்டார். அதில் கிருமித் தொற்று ஏற்பட்டு, மேலும் அறுவைக்கு உள்ளாக நேர்ந்தது. அறுவையால் விளையும் தொற்று என்றால் என்ன என்பதை அவர் நோயாளியாகவும் அறிந்திருந்தார்.

அந்நாளில் இடுப்பு மூட்டு தேய்ந்தவர்களுக்கு வழிகள் மிகக் குறைவு. மூட்டை அசையாதபடி ஒட்டவைத்து வலியைக் குறைப்பது ஒரு முறை. செயற்கை மூட்டு முயற்சிகளும் முன்பே நடந்திருந்தன. பெர்லினில் 1891-இல் தெமிஸ்டாக்ளஸ் குளுக் தந்தத்தையும், லண்டனில் 1938-இல் பிலிப் வைல்ஸ் எஃகையும் பயன்படுத்திப் பார்த்தார்கள். எதுவும் நம்பத்தக்க பலனைத் தரவில்லை.

1950-களில் சார்ன்லியிடம் வந்த ஒரு நோயாளிக்கு அக்ரிலிக்கால் ஆன செயற்கை எலும்புத் தலை பொருத்தப்பட்டிருந்தது. அவர் அசையும்போதெல்லாம் இடுப்பிலிருந்து கிறீச்சிடும் ஓசை எழுந்தது. சாப்பாட்டு மேசையில் அதைக் கேட்கப் பொறுக்காமல் மனைவி எழுந்து போய்விடுவாராம். மற்றவர்கள் வேடிக்கையாகக் கேட்டிருக்கக்கூடிய இந்தச் செய்தியில் சார்ன்லி ஒரு உண்மையைக் கண்டார். ஓசை என்றால் உராய்வு. உராய்வு என்றால் பொருத்திய உறுப்பு நாளடைவில் ஆட்டம் கண்டு தளரும். இயற்கை மூட்டிலோ உராய்வு பனிச்சறுக்கலில் இருப்பதைவிடக் குறைவு. அதை நெருங்கும் பொருளைத் தேடினார். டெஃப்ளான் கிடைத்தது.

சிறிய எஃகு உருண்டை, அதைத் தாங்க டெஃப்ளான் கிண்ணம், இரண்டையும் எலும்போடு இணைக்கப் பல் மருத்துவத்திலிருந்து வந்த அக்ரிலிக் சிமெண்ட் என்று அமைப்பு உருவானது. ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடந்தவர்கள் வலியின்றி நடந்தார்கள். ஏறத்தாழ 300 பேருக்கு இந்த அறுவை நடந்தது. ஆனால், சில ஆண்டுகளுக்குள்ளாகவே கிண்ணங்கள் குழி விழுந்து தேய்ந்தன. தேய்ந்த துகள்கள் சுற்றியிருந்த திசுவைக் கெடுத்தன; வலி திரும்பியது.

தோல்வியை அவர் மறைக்கவில்லை. அந்த நோயாளிகளை மீண்டும் அழைத்து, பழுதானவற்றைத் தானே அகற்றினார். துகள்கள் உடலில் என்ன செய்கின்றன என்பதை அறிய, தன் தொடையிலேயே அவற்றைச் செலுத்திக்கொண்டு, அங்கே கட்டி தோன்றியதை மருத்துவ இதழில் எழுதினார். அறுவை முடிந்த மறுநாள் மகிழ்ச்சியை வைத்து ஒரு சிகிச்சையை மதிப்பிடக் கூடாது என்ற பாடத்தை, இத்தனை பேரின் வேதனையிலிருந்து அவர் கற்றார்.

விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. நெசவு இயந்திரங்களின் பற்சக்கரங்களுக்குப் பயன்பட்ட ஒருவகை பாலிஎத்திலீனை 1962-இல் ஒரு விற்பனையாளர் கொண்டுவந்தார். சார்ன்லி அதை மதிக்கவில்லை. அவருடைய பட்டறை உதவியாளர் ஹாரி கிரேவன், சார்ன்லி வெளிநாடு சென்றிருந்த வேளையில் அதைச் சோதனை இயந்திரத்தில் ஓடவிட்டார். டெஃப்ளானோடு ஒப்பிட, அது தேய்ந்ததாகவே தெரியவில்லை. உதவியாளர் கண்டதை மருத்துவர் ஏற்றுக்கொண்டார். அவ்வாண்டு நவம்பரில் பாலிஎத்திலீன் கிண்ணத்துடன் முதல் அறுவை நடந்தது.

இம்முறை அவர் அவசரப்படவில்லை. நீண்டகாலப் பலன் தெரியும்வரை, தன்னிடம் பயிற்சி பெறாத மருத்துவர்களுக்கு அந்த மூட்டை விற்கக் கூடாது என்று தயாரிப்பாளரைத் தடுத்துவைத்தார். காசநோய் மருத்துவமனையாக இருந்த ரைட்டிங்டனில் இடுப்பு அறுவைக்கென ஒரு மையத்தை அமைத்தார். வடிகட்டிய தூய காற்று பாயும் தனி அறைக்குள் அறுவையை நடத்தி, நூற்றுக்கு ஏழு என்ற அளவில் இருந்த தொற்றை ஒன்றுக்கும் கீழே கொண்டுவந்தார். இறந்த பின் அந்த மூட்டை ஆய்வுக்குத் தருமாறு நோயாளிகளிடம் கேட்டுக்கொண்டார். பலர் மனமுவந்து இசைந்தனர்.

யாருக்கு இந்த அறுவை என்பதிலும் அவருக்குத் தெளிவு இருந்தது. செயற்கை மூட்டுக்கும் ஆயுள் உண்டு என்பதால், பெரும்பாலும் முதியவர்களுக்கே அதை உகந்ததாகக் கருதினார். இளையவர்கள் விஷயத்தில் தயங்கினார். வலி, நடக்கும் திறன், மூட்டின் அசைவு என்ற மூன்றுக்கும் தனித்தனியே ஒன்று முதல் ஆறுவரை மதிப்பெண் இடும் முறையைத் தழுவி அதைச் செம்மைப்படுத்தினார். அதோடு நோயாளிகளை மூன்று வகையாகப் பிரித்தார்: ஒரு பக்க இடுப்பு மட்டும் கெட்டவர்கள், இரு பக்கமும் கெட்டவர்கள், முடக்குவாதம், இதயநோய் போன்ற வேறு காரணங்களாலும் நடை தடைபட்டவர்கள்.

எளிய பிரிவுதான், ஆனால், நம் வீடுகளில் எழும் கேள்விக்கு இதில் வழி இருக்கிறது. படத்தில் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதைவிட, இரவில் வலி தூங்க விடுகிறதா, கடைத்தெருவரை நடக்க முடிகிறதா, பிறர் துணையின்றிக் குளிக்க முடிகிறதா என்பவையே முதலில் கேட்கத் தக்கவை. நடையைத் தடுப்பது மூட்டு மட்டும்தானா, மூச்சிரைப்பும் முதுகுவலியும் சேர்ந்தா என்பது அடுத்த கேள்வி. மூட்டை மாற்றினால் மூட்டின் குறைதான் தீரும். மற்றவை அப்படியே இருக்கும்.

சார்ன்லியின் தயக்கத்தில் பொருள் இருந்ததைப் பின்வந்த கணக்குகளும் காட்டின. பிரிட்டனின் பதிவுகளைக் கொண்டு 2017-இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வின்படி, 70 வயதுக்கு மேல் இடுப்பு அல்லது முழங்கால் மூட்டை மாற்றிக்கொண்டவர்களில், வாழ்நாளில் மறு அறுவை தேவைப்படும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்து அளவே. ஐம்பதுகளின் தொடக்கத்தில் முழங்கால் மூட்டை மாற்றிக்கொண்ட ஆண்களுக்கு அது நூற்றுக்கு 35 வரை உயர்கிறது. வயதாகிவிட்டது என்பதே அறுவையைத் தவிர்க்கக் காரணமாகாது. இதயமும் சர்க்கரையும் மயக்க மருந்தைத் தாங்கும் நிலையும்தான் தீர்மானிக்க வேண்டும். இளையவரோ உடற்பயிற்சி, எடைக் குறைப்பு, வலி மருந்து ஆகியவற்றால் தள்ளிப்போடும் ஒவ்வோர் ஆண்டும் லாபமே.

நம் நாட்டில் அதிகம் பேசப்படும் முழங்கால் மாற்று சிகிச்சைக்கும் ரைட்டிங்டனோடு உறவு உண்டு. அங்கே பயின்ற கனடா மருத்துவர் ஃபிராங்க் கன்ஸ்டன், அதே எஃகையும் பாலிஎத்திலீனையும் சிமெண்டையும் கொண்டு 1960-களின் இறுதியில் முழங்காலுக்கான மூட்டை உருவாக்கினார். பிரதமராக இருந்தபோது வாஜ்பாய் 2000-இலும் 2001-இலும் தம் முழங்கால்களை மும்பையில் மாற்றிக்கொண்டார். இந்தியாவில் பலர் இந்தச் சிகிச்சையின் பெயரைக் கேள்விப்பட்டதே அப்போதுதான். செயற்கை முழங்கால் மூட்டுகளுக்கு 2017-இல் மத்திய அரசு விலை உச்சவரம்பு விதித்தது, நடுத்தரக் குடும்பங்களுக்கும் அதை ஓரளவு எட்டக்கூடியதாக்கியது.

சார்ன்லிக்கு 1974-இல் லாஸ்கர் விருதும், 1977-இல் சர் பட்டமும் கிடைத்தன. 1982 ஆகஸ்ட் 5-ஆம் தேதி, 70 வயதில் மான்செஸ்டரில் காலமானார். பல லட்சம் பேரை எழுந்து நடக்கவைத்த அவர், தன் கண்டுபிடிப்பைக் குறித்துக் கடைசிவரை ஐயத்தோடு கேள்வி கேட்டவர். எத்தனை ஆண்டுகள் தாங்கும், தவறினால் என்ன செய்வது, இது இல்லாமல் வாழ முடியுமா? தன் மருத்துவரிடம் இந்த மூன்றையும் கேட்டு, நேரான பதிலைப் பெற்ற பிறகு, அறுவைக்கு இசைவதோ மறுப்பதோ, அந்த வலியைச் சுமப்பவரின் முடிவாகவே இருக்க வேண்டும். பிள்ளைகளின் வேலை, அவர் கேட்கும்போது பக்கத்தில் இருப்பது.