வெண்ணெய்க்கு ஈடு கண்ட வித்தகர்

வேந்தர் வரலாற்றையும் புலவர் வரலாற்றையும் நாம் விரும்பிப் படிக்கின்றோம். ஆயின், ஏழையின் கலத்தில் ஒரு பொருளைச் சேர்த்துவிட்டு மறைந்தவர்களை நாம் நினைப்பது அரிது. ரொட்டிக்கடையில் நாம் ஆவலோடு வாங்கும் கேக்கும் பிஸ்கட்டும் பசுவெண்ணெயாலானவை என்று எண்ணுவோர் நம்முட் பலர். அவற்றுட் பலவற்றிற்கு மென்மை தருவது மார்கரீன் என்னும் மாற்றுப்பொருளே. அதனைக் கண்டவர் பிரெஞ்சு நாட்டினராகிய இப்பொலீத் மேஜ் மூரியேஸ் என்பார். அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

இவர் 1817-ஆம் ஆண்டில், தென் பிரான்சிலுள்ள திராகினியான் என்னும் ஊரில், பள்ளி உபாத்தியாயர் ஒருவரின் மைந்தராய்ப் பிறந்தார். இளமையிலேயே மருந்து கலக்குந் தொழிலிற் பழகிப் பாரிஸ் மாநகர் சென்று, ஆங்குள்ள பழம்பெரும் மருத்துவமனை ஒன்றிற் பணிபுரிந்தார். மருந்தாளர்க்குரிய பட்டத்தை அவர் பெற்றிலர். எனினும் ஆராய்ச்சியில் அவருக்கிருந்த வேட்கை தணியவில்லை. முதலில் மருந்துகளை ஆராய்ந்தவர் பின்னர் உணவுப் பொருள்களின்பால் உள்ளஞ் செலுத்தினார். கோதுமைத் தவிட்டிலுள்ள ஒரு பொருளே ரொட்டியின் நிறத்தைக் கருக்குகின்றதென்று கண்டு, அதே அளவு கோதுமையிலிருந்து முன்னினும் மிகுதியாக வெள்ளை ரொட்டி சுடும் வழியைக் காட்டினார். அதன்பொருட்டு 1861-ஆம் ஆண்டில் அரசாங்கம் அவருக்கு விருதளித்துப் பெருமை செய்தது.

அக்காலத்தில் பிரான்சின் நகரங்களில் மக்கட்டொகை பெருகிற்று. வெண்ணெயின் விலையும் உடன் ஏறிற்று. ஆலைத் தொழிலாளர் வெறும் ரொட்டியையே தின்னும் நிலை வந்தது. கப்பற்படையினர்க்குக் கொண்டுசென்ற வெண்ணெயோ சின்னாளிற் சிக்குநாற்றம் அடைந்தது. ஆதலின், மலிவானதும் எளிதிற் கெடாததுமான ஒரு மாற்றுப்பொருளைக் காணவேண்டுமென்று பேரரசர் மூன்றாம் நெப்போலியன் விரும்பினார். அப்பணியை மேற்கொண்டவர் நம் மேஜ் மூரியேஸ்.

வின்சேன் என்னும் இடத்திலிருந்த அரசாங்கப் பண்ணையில் அவர் பசுக்களைக் கூர்ந்து நோக்கினார். தீனி குறைந்த பசு உடல் மெலிந்தபோதும் அதன் பாலில் வெண்ணெய் இருப்பதைக் கண்டார். அங்ஙனமாயின் அவ்வெண்ணெய் பசுவின் உடற்கொழுப்பிலிருந்தன்றோ வருதல் வேண்டும்? பசு தன் உடலினுள் செய்வதை நாமும் கலத்தினுள் செய்தாலென்ன? இதுவே அவர் கருத்து. மாட்டுக்கொழுப்பை நறுக்கி, நீரோடும் ஆட்டிரைப்பையோடும் சேர்த்து, ஏறத்தாழ 45 பாகை வெப்பத்தில் உருக்கினார். உருகியதை மெல்ல ஆறவிட, கடினமான பகுதி முதலில் உறைந்தது. அதனைப் பிழிந்து நீக்க, நாவிற் பட்டவுடன் உருகும் மென்கொழுப்பு எஞ்சியது. அதனைச் சிறிது பாலும் நீரும் கூட்டிக் கடைந்தபோது வெண்ணெயை ஒத்ததொரு பொருள் திரண்டது. 1869-ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

வெண்ணெயின் தொழிலை இப்பொருள் எங்ஙனம் செய்கின்றது என்று வினவலாம். மாவைப் பிசையுங்கால் கொழுப்பானது மாவின் துகள்களைப் போர்த்து, அவை ஒன்றோடொன்று இறுகப் பிணையாமற் காக்கின்றது. அதனாலேயே பிஸ்கட்டு வாயிற் பொலபொலவென்று உதிர்கின்றது. இத்தொழிலுக்கு வேண்டுவது தக்க பதமுடைய கொழுப்பேயன்றி, பசுவின் மடியன்று.

இனி, அதன் பெயரைக் கருதுவோம். முத்தினைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று செவ்ரேல் என்னும் இரசாயன அறிஞர் 1813-இல் ஒரு கொழுப்பமிலத்திற்குப் பெயரிட்டிருந்தார். அவ்வமிலம் தம் பொருளில் உள்ளதென்று நம்பியே மேஜ் மூரியேஸ் தம் பொருட்கும் அப்பெயரைச் சூட்டினார். அதுவோ தனியமிலமன்று, இரண்டு அமிலங்களின் கலவையே என்று 1853-இலேயே ஹைன்ட்ஸ் என்னும் ஜெர்மானியர் காட்டியிருந்தார். எனவே பெயர் பிறந்தது பிழையில்; பொருளோ பயன் தந்தது.

1870-இல் மூண்ட பிரஷ்ய யுத்தம் அவருடைய முயற்சியைக் குலைத்தது. அடுத்த ஆண்டில் ஒல்லாந்து தேசத்து ஓஸ் நகரின் வெண்ணெய் வணிகராகிய யூர்கன்ஸ் குடும்பத்தார் அவர்தம் முறையைப் பெற்றுப் பெருந்தொழிலாக வளர்த்தனர். செல்வம் வணிகரைச் சேர்ந்தது. மேஜ் மூரியேஸ் 1880-ஆம் ஆண்டு மே மாதம் 31-ஆம் நாள் உயிர் நீத்தார்.

அவருக்குப்பின் பெருவழக்கொன்று எழுந்தது. மாற்றுப்பொருளை வெண்ணெயென்றே விற்றுப் பொருளீட்டிய வணிகர் பலராயினர். பாரிஸ் நகரச் சுகாதார மன்றம் 1872-இலேயே, இதனை விற்கலாம், ஆயின் வெண்ணெய் என்னும் பெயரால் விற்றலாகாது என்று விதித்திருந்தது. அமெரிக்கர் 1886-இல் இதற்கு வரி விதித்தனர். ஆங்கிலேயர் 1887-இல் மார்கரீன் என்னும் பெயராலேயே விற்கவேண்டுமென்று சட்டம் இயற்றினர். நீர்போன்ற எண்ணெயையும் உறையச் செய்யும் முறைக்கு நார்மன் என்பார் 1902-இல் உரிமை பெற்றபின், தாவர எண்ணெயும் இதற்கு உதவியது. நம் நாட்டு வனஸ்பதியும் அம்முறையின் வழிவந்ததே. அம்முறையால் தோன்றும் டிரான்ஸ் கொழுப்பு இருதயத்திற்குத் தீங்கென்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று. 2022-ஆம் ஆண்டு முதல் இந்திய அரசாங்கம் அதனை நூற்றுக்கு இரண்டு பங்கென வரையறுத்துள்ளது.

இவ்வரலாற்றால் நாம் அறிவது யாது? இல்லாதவனுக்கு ஈடு தேடித் தருதல் இழிவன்று, அது பேரறமே. ஈட்டை மெய்ப்பொருளென்று சொல்லி விற்பதே இழிவு. வெண்ணெயை வாங்க இயலாதவனும், பால் உடலுக்கு ஒவ்வாதவனும் நம்பி உண்ண வேண்டுமாயின், பொதியின்மேல் உண்மை எழுதப்பட்டிருத்தல் வேண்டும். அடுத்த முறை கேக்குத் துண்டொன்றைக் கையிலெடுக்கும்போது, அந்த உபாத்தியாயர் மைந்தரை ஒரு கணம் நினைப்போமாக.