காப்டன் டிரைப்பும் தஞ்சைக் கல்வெட்டும்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குக் காலை வண்டியிற் செல்வோர் பலர் கையிலும் இன்று நிழற்படக் கருவி உண்டு, கைபேசியே அக்கருவி. நாடோறும் எண்ணற்ற படங்கள் பிடிக்கப்படுகின்றன. ஆயினும், அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக ஒழுங்குபடப் பிடித்துக் கோத்துவைப்பவர் மிகச் சிலரே. தனிப்படம் ஒரு கணத்தைக் காட்டும். தொடர்ப்படமோ ஒரு பொருளின் முழுமையைக் காட்டும். இவ்வுண்மையை 1858ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் செய்து காட்டியவர் காப்டன் லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயர். அவர் வரலாறு மாணவர் அறியத்தக்கது.

டிரைப் 1822ஆம் ஆண்டு இங்கிலாந்தின் டெவன்போர்ட் நகரிற் பிறந்தார். இளமையிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையிற் சேர்ந்து இந்தியாவுக்கு வந்தார். பின்னர் விடுமுறையில் தாய்நாடு சென்றிருந்தபோது, அக்காலத்திற் புதுமையாயிருந்த நிழற்படக் கலை அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. 1853இல் லண்டனில் தோன்றிய நிழற்படச் சங்கத்தில் அவரும் உறுப்பினரானார். 1854இல் இந்தியா திரும்பியதும், பேலூர், ஹளேபீடு ஆகிய ஊர்களின் கோயில்களைப் படம்பிடித்தார். மறு ஆண்டில் பர்மிய மன்னரிடம் சென்ற தூதுக்குழுவுடன் போய், அந்நாட்டுக் கோயில்களையும் நகரங்களையும் பதிவு செய்தார். அவற்றுள் 120 படங்கள் தொகுதியாக வெளியிடப்பெற்றன. இத்திறமையைக் கண்ட சென்னை அரசாங்கம் அவரைத் தன் நிழற்படக்காரராக அமர்த்தியது.

1857 டிசம்பரில் டிரைப் பெங்களூரிலிருந்து புறப்பட்டார். திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் முதலிய ஊர்களைக் கண்டு, மறு ஆண்டுக் கோடையிற் பயணத்தை முடித்தார். அந்நாளிற் படம்பிடித்தல் எளிய செயலன்று. பெட்டி போன்ற பெருங்கருவியையும், மெழுகூட்டிய தாள்களையும், வெள்ளி உப்பு முதலிய இரசாயனப் பொருள்களையும் மாட்டுவண்டிகளில் ஏற்றிச் செல்லல் வேண்டும். ஒளி படுமாறு தாளை நெடுநேரம் திறந்துவைத்தல் வேண்டும். அந்நேரத்தில் நடமாடுவோர் உருவம் தாளிற் பதியாது. ஆதலால் அவர் காட்டும் வீதிகளும் மண்டபங்களும் பெரும்பாலும் ஆளரவமற்றுத் தோன்றும். அங்கே மக்கள் இல்லாமலில்லை. நில்லாதவரைப் பிடிக்கும் வன்மை அக்கருவிக்கு இல்லை. ஓடும் குதிரையின் அடிவைப்புகளைத் தொடர்ப்படமாக அமெரிக்காவில் மைபிரிட்ஜ் பிடித்தது இதற்கு இருபது ஆண்டுகளுக்குப் பின்னரே, 1878இல், நிகழ்ந்தது.

ஓடும் பொருளைப் பிடிக்க இயலாத டிரைப், நிற்கும் பொருளைச் சுற்றித் தாமே நடந்தார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றிக் கல்லெழுத்துகள் வரிவரியாக ஓடுகின்றன. ஒரே படத்தில் அவற்றை அடக்குதல் இயலாது. ஆகவே அவர் ஓரிடத்தைப் பிடித்து, கருவியை நகர்த்தி, அடுத்த இடத்தைப் பிடித்து, இவ்வாறே சென்றார். அங்ஙனம் பெற்ற 21 படங்களை ஒன்றோடொன்று ஒட்டி, 19 அடிக்கு மேல் நீளமுள்ள ஒரே சுருளாக்கினார். அடியார் கோயிலை வலம் வருவதுபோலக் கண் அச்சுருளின்மேல் வலம் வரும். இடையில் ஒரு படம் கெடினும் தொடர் அறுந்துபோம். நாள் ஏற ஏற வெயிலும் நிழலும் மாறிக்கொண்டே இருக்கும். இவற்றிற்கிடையே அதனை முடித்த பொறுமை வியக்கத்தக்கது.

அக்காலத்தில் அக்கல்வெட்டுகள் முழுவதும் படிக்கப்பெறவில்லை. கோயிலை எழுப்பியவர் யார் என்பதிலும் தெளிவில்லை. பின்னர், 1886இல் சென்னை அரசாங்கத்தின் கல்வெட்டாய்வாளரான ஹுல்ஷ் என்னும் ஜெர்மானிய அறிஞர் அவற்றைப் படித்து, 1891 முதல் அச்சிட்டு வெளியிட்டார். முதலாம் இராசராசனே அக்கோயிலைக் கட்டியவன் என்பது ஐயமற விளங்கிற்று. மன்னன் ஈந்த பொற்கலங்களோடு, கோயிலுக்கு வரிதந்த ஊர்களின் நத்தமும் குளமும் வாய்க்காலும் சுடுகாடும்கூட அக்கற்களிற் கணக்கிடப்பட்டுள்ளன. எளிய மக்களின் அன்றாட வாழ்வு அதில் அடங்கிக் கிடந்தது. தாம் அறியாமலே, டிரைப் அதனையும் தம் சுருளிற் பதிவு செய்திருந்தார்.

அவர் பணி நெடிது நிலைக்கவில்லை. 1857இல் எழுந்த கிளர்ச்சிக்குப் பின் அரசாங்கத்தின் பொருள்நிலை தளர்ந்தது. 1859இல் சென்னைக் கவர்னராக வந்த சர் சார்லஸ் டிரெவலியன், இவ்வேலை வீண் ஆடம்பரம் எனக் கருதி நிறுத்திவிட்டார். அரசாங்கத்தின் பொருள்நிலையை நோக்க, அவர் கூற்றை முற்றும் தவறென்று தள்ளுதற்கில்லை. ஆயினும் அன்று ஆடம்பரமென எண்ணப்பட்டது இன்று வரலாற்றுச் செல்வமாய் நிற்கிறது. டிரைப் மீண்டும் படைவேலைக்குத் திரும்பினார். அதன்பின் அவர் பிடித்த படங்கள் மிகச் சிலவே. ஓய்வுபெற்றுப் பிறந்த ஊர் சேர்ந்து, 1902இல் மறைந்தார். 2014, 2015ஆம் ஆண்டுகளில் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் ஆகிய நகரங்களின் பெருங்காட்சியகங்களில் அவர் படங்கள் மக்கள் பார்வைக்கு வைக்கப்பெற்றன.

மாணவ நண்பர்களே! அவர் கருவிக்கு இல்லாத வன்மை நம் கையிலுள்ள கருவிக்கு உண்டு. நடமாடும் மக்களை அது நொடிப்பொழுதிற் பிடிக்கும். நமக்கு வேண்டுவது அவர் பொறுமையே. பூண்டி நீர்த்தேக்கத்தின் நீர்மட்டத்தை ஒரே இடத்தில் நின்று திங்கள்தோறும் ஒரு படம் பிடியுங்கள். பழவேற்காட்டு ஏரியில் வலை வீசுவோரின் ஒரு நாளை விடியல் முதல் மாலை வரை தொடராகப் பதியுங்கள். கும்மிடிப்பூண்டி ஆலைவாயிலில் ஒரு முறையினர் வெளிவர, மறு முறையினர் உட்செல்வதை ஆண்டுதோறும் எடுத்து வையுங்கள். இன்று அவை அற்பமாகத் தோன்றலாம். குளமும் வாய்க்காலும் கல்லில் எழுதப்பட்ட நாளிலும் அவை பெரியனவாகத் தோன்றியிரா. படிக்க வல்லவர் பின்னாளில் வருவர். அவர் வரும்போது தொடர் அறுபடாதிருத்தல் வேண்டும்.