கழிவில் பயன் கண்ட ஆசான்

சங்கரன்கோவிலைச் சூழ்ந்த கரிசல் நிலங்களில், அறுவடை முடிந்தபின் ஆட்டுக் கிடை போடுதல் உழவர் வழக்கம். இரவெல்லாம் கிடையில் தங்கும் ஆடுகளின் புழுக்கை மண்ணொடு கலந்து, அடுத்த வெள்ளாமைக்கு உரமாகிறது. கழிவென்று ஒதுக்கத்தக்கது உலகில் அரிது என்னும் உண்மையை அவ்வுழவர் ஏட்டறிவின்றியே அறிவர். அவ்வுண்மையை வேதியியலின் துணைகொண்டு பெருந்தொழிலாக வளர்த்துக் காட்டியவர் ஆசாரிய பிரபுல்ல சந்திர ராய் ஆவார்.

வங்காளத்தில், இன்றைய வங்காளதேச நாட்டின் குல்னாப் பகுதியில் உள்ள ராருளி என்னும் சிற்றூரில், 1861ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 2ஆம் நாள் அவர் பிறந்தார். இளமையில் கடும் வயிற்றுநோய் வாட்டியமையால் பள்ளியை விட்டு நீங்க நேர்ந்தது. எனினும் அவர் சோர்ந்திலர். தந்தையாரின் நூலகத்திலிருந்த நூல்களைத் தாமே கற்றுத் தேர்ந்தார். 1882இல் கில்கிறைஸ்டு உதவித்தொகை பெற்று எடின்பரோ பல்கலைக்கழகம் சென்றார். 1887இல் அறிவியல் அறிஞர் பட்டம் பெற்று, மறு ஆண்டே தாயகம் திரும்பினார். 1889இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் திங்களுக்கு 250 ரூபாய் ஊதியத்தில் துணைப் பேராசிரியரானார். அவரினும் கல்வியில் மிகாத ஐரோப்பியர்க்கு உயர்ந்த பதவி கிடைத்த காலம் அது.

தம் ஊதியக் குறைவினும் நாட்டின் நிலையே அவரைப் பெரிதும் வருத்திற்று. நோயுற்றார்க்கு வேண்டிய மருந்துகள் கடல் கடந்து வந்தன. அவற்றுக்கான மூலப்பொருள்களோ இந்நாட்டிலேயே கேட்பாரற்றுக் கிடந்தன. படித்த இளைஞர் எழுத்தர் வேலை தேடி அலைந்தனர். இக்குறையைப் போக்கக் கருதிய ராய், 1892இல் தாம் குடியிருந்த வாடகை வீட்டிலேயே சிறு முதலுடன் மருந்துத் தொழிலைத் தொடங்கினார். வங்க வேதியியல் மருந்துத் தொழிலகம் தோன்றிய வகை இதுவே.

மருந்துகளில் சேரும் சோடியம் பாஸ்பேட்டைச் செய்ய அவர் விரும்பினார். அதற்கு வேண்டிய பாஸ்பேட்டு எலும்பில் மிகுதியாக உண்டு. ஆதலின் இறைச்சிக் கடைகளிலிருந்து மாட்டெலும்புகளை மூட்டை மூட்டையாக வாங்கி, மொட்டை மாடியில் உலர்த்தினார். குளிர்காலமாதலின் மழை வாராதென நம்பியிருந்தார். ஆனால், அவ்வாண்டு அடைமழை பெய்தது. எலும்பில் ஒட்டியிருந்த தசை அழுகிப் புழுத்தது. துர்நாற்றம் தெருவெங்கும் பரவிற்று. காக்கைகள் எலும்புத் துண்டுகளைக் கவ்விச் சென்று அண்டை வீடுகளில் இட்டன. அவ்வீட்டார் சினந்து, எலும்புகளை உடனே அகற்றாவிடின் நகரச் சுகாதார அதிகாரியிடம் முறையிடுவதாக எச்சரித்தனர்.

அவர்கள் சினம் நேரியதே என்பதை ராய் உணர்ந்தார். முயற்சியைக் கைவிடவுமில்லை; அயலார் துன்பத்தைப் பொருட்படுத்தாது இருக்கவுமில்லை. நகர்ப்புறத்து மாணிக்கதலாவில் நண்பர் ஒருவர் இடம் உதவினார். எலும்புகளை அங்குக் கொண்டுசென்று, சூளைபோல் அடுக்கித் தீயிட்டனர். நள்ளிரவில் எழுந்த பெருந்தீயைக் கண்ட காவலர், கொலையுண்டார் உடலை எவரோ மறைவாக எரிப்பதாக ஐயுற்று விரைந்து வந்தனர். கிளறிப் பார்த்து உண்மை அறிந்தபின் திரும்பினர்.

அவ்வாறு கிடைத்த எலும்புச் சாம்பலைக் கந்தக அமிலத்தில் இட்டுச் சூப்பர் பாஸ்பேட்டு ஆக்கினர்; அதனோடு சோடா உப்பைச் சேர்த்துச் சோடியம் பாஸ்பேட்டைப் பெற்றனர். ஒருவரும் தீண்ட விரும்பாத பொருள், பலர் பிணி தீர்க்கும் மருந்துக்கு உறுப்பாயிற்று. அத்தொழிலகம் 1901இல் பங்கு நிறுவனமாகி, மேன்மேலும் வளர்ந்தது.

தொழிலால் செல்வம் திரட்ட ராய் எண்ணினாரல்லர். மணம் புரியாது, அறிவியல் கல்லூரியிலேயே ஓர் அறையில் எளிமையாக வாழ்ந்தார். அறுபது வயது நிரம்பிய 1921 முதல் தம் ஊதியத்தைப் பல்கலைக்கழகத்திற்கே வழங்கினார். பயனின்றிக் கிடக்கும் பொருளைப் பயனுறச் செய்தவர், தம் வாழ்வையும் பிறர்க்கே பயனாக்கினார். 1944ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் அவர் மறைந்தார்.

இக்காலத்தில் புதிய கழிவுகள் பெருகியுள்ளன. அவற்றுள் ஒன்று சிலிக்கோன். குழந்தைகளின் பாற்புட்டிக் காம்பு முதல் மருத்துவமனைக் குழாய் வரை பலவும் அதனாற் செய்யப்படுகின்றன. குவார்ட்சு என்னும் கல்லிலிருந்து மிகக் கடும் வெப்பத்தில் பெறும் சிலிக்கனே அதற்கு மூலம். பயன்தீர்ந்த சிலிக்கோன் எளிதில் மக்குவதில்லை. 2025இல் பிரான்சு நாட்டு லியோன் நகர ஆய்வாளர், காலியம் என்னும் உலோகத்தை வினையூக்கியாகக் கொண்டு, அக்கழிவை மீண்டும் மூலப்பொருளாக்கும் முறையொன்றைக் கண்டு வெளியிட்டனர். அதற்கு வேண்டிய வெப்பம் 40 பாகை செல்சியசே. அது சங்கரன்கோவிலின் கோடை நண்பகல் வெம்மையை ஏறக்குறைய ஒத்ததாகும்.

கழிவைப் பயனாக்குதல் அறிவு. அதனை அயலார்க்கு ஊறின்றிச் செய்தல் பண்பு. இரண்டும் ஒருங்கே வேண்டும் என்பதை ராயின் வாழ்க்கை நமக்கு உணர்த்துகிறது.