ஜெர்மனிக்குப் போய் இசை படித்த சாம்பமூர்த்தி

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் சாயங்கால நேரத்தில் தெருவில் நடந்து போனால், ஏதாவது ஒரு மாடி வீட்டிலிருந்து கீபோர்டு சத்தம் கேட்கும். உங்களில் சிலரே அந்த வகுப்புக்குப் போகிறவர்களாக இருக்கலாம். அங்கே டீச்சர் மூன்று கட்டைகளை ஒரே சமயத்தில் அழுத்தச் சொல்வார். அதற்குக் 'கார்டு' என்று பெயர். (சீட்டாடும் கார்டு இல்லை!) ஆனால், பாட்டு வகுப்புக்குப் போகும் உங்கள் தோழியைக் கவனியுங்கள். அவள் ச, ரி, க, ம என்று ஒவ்வொரு ஸ்வரமாகத்தான் பாடுவாள். மூன்று ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்க அவளுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. ஏன் இந்த வித்தியாசம்?

இந்த இரண்டு வகை இசையையும் முறையாகப் படித்தவர் ஒருவர் சென்னையில் இருந்தார். அவர்தான் பேராசிரியர் பி. சாம்பமூர்த்தி.

1901-ஆம் ஆண்டு பிப்ரவரி 14 அன்று பித்ரகுண்டாவில் பிறந்தார். அது அன்றைய சென்னை மாகாணத்தில், நெல்லூர் பக்கம் உள்ள ஊர். இப்போது ஆந்திராவில் இருக்கிறது. பி.ஏ. படித்தார். பிறகு சட்டமும் படித்து பி.எல். பட்டம் வாங்கினார். ஆனால் அவருடைய மனம் இசையில்தான் இருந்தது. 1928-ல் சென்னை ராணி மேரி கல்லூரியில் இசை விரிவுரையாளராகச் சேர்ந்தார்.

கல்லூரியில் இசைப் பாடமா என்று அந்தக் காலத்தில் பலருக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும். அதுவரை இசை என்றால் குருவின் வீட்டிலேயே தங்கி, அவர் பாடுவதைக் கேட்டுக் கேட்டு, வருஷக்கணக்கில் கற்றுக்கொள்வதுதான் வழக்கம். கல்லூரியிலோ மணி அடித்ததும் வகுப்பு முடிந்துவிடும்! வருஷக் கடைசியில் பரீட்சை வேறு வரும். கேள்வித்தாள் தயாரிக்க வேண்டும், மார்க் போட வேண்டும். இதற்கெல்லாம் பாடப்புத்தகம் இல்லாமல் முடியுமா?

1931-ல் சாம்பமூர்த்தி ஜெர்மனிக்குப் புறப்பட்டார். அப்போது அவருக்கு 30 வயது. கல்லூரியில் பாடம் சொல்லிக் கொடுத்தவர், மியூனிக் நகரில் மறுபடியும் மாணவராகி உட்கார்ந்தார்! வயலின், புல்லாங்குழல், மேற்கத்திய இசை இலக்கணம் ஆகியவற்றைப் படித்தார். வயலின் நமக்கும் பழகிய கருவிதானே என்று நினைக்கிறீர்களா? நம் ஊரில் தரையில் உட்கார்ந்து, வயலின் தலைப்பகுதியைப் பாதத்தில் தாங்கி வாசிப்பார்கள். அங்கே தாடைக்கும் தோளுக்கும் நடுவில் பிடித்துக்கொள்வார்கள். கருவி ஒன்றுதான், பிடிக்கும் முறையிலிருந்தே எல்லாம் வேறு.

மேற்கத்திய இசை இலக்கணத்தின் முக்கியமான பகுதி ஹார்மனி. தமிழில் ஒத்திசைவு என்று சொல்லலாம். உங்கள் வீட்டில் கீபோர்டு இருந்தால் இப்போதே செய்து பாருங்கள். 'சி' என்ற கட்டையை 'ச' என்று வைத்துக்கொள்ளுங்கள். 'சி', 'இ', 'ஜி' ஆகிய மூன்று வெள்ளைக் கட்டைகளையும் சேர்த்து அழுத்துங்கள். நம் கணக்கில் இவை ச, அந்தர காந்தாரம், ப. ஒலி பளிச்சென்று இருக்கிறதா? இப்போது 'இ'யை விட்டுவிட்டு, அதற்கு இடப்பக்கம் ஒட்டியிருக்கும் கறுப்புக் கட்டையை அழுத்துங்கள். அது சாதாரண காந்தாரம். ஒரே ஒரு கட்டைதான் மாறியது. ஆனால் யாரோ சோகமாக இருப்பது போலத் தோன்றும்! இப்படி எந்த ஸ்வரத்தோடு எது சேரும், ஒரு கார்டுக்குப் பின்னால் எது வரும் என்று படிப்பதுதான் ஹார்மனி.

நம் ராகங்களில் இதைச் சுலபமாகச் சேர்க்க முடியாது. தோடி ராகத்தின் காந்தாரத்தைக் கேட்டுப் பாருங்கள். அது ஒரே இடத்தில் நிற்காமல் ஊஞ்சல் போல ஆடிக்கொண்டே இருக்கும். இதைத்தான் கமகம் என்கிறோம். ஆடுகிற ஸ்வரத்தின் மேல் அசையாத இரண்டு ஸ்வரங்களை வைத்தால் ஒன்றோடொன்று இடிக்கும். உங்கள் தோழி ஒவ்வொரு ஸ்வரமாகப் பாடுவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

இன்னொரு வேடிக்கை தெரியுமா? தம்புராவில் ப, ச என்ற இரண்டு ஸ்வரங்களுக்குத்தான் தந்திகளைச் சுருதி சேர்ப்பது வழக்கம். ஆனால் நன்றாகச் சுருதி சேர்ந்த தம்புராவின் அருகில் காதை வைத்துக் கேட்டால், மெலிதாக அந்தர காந்தாரமும் கேட்கும்! யாரும் மீட்டாமல் அது எங்கிருந்து வந்தது? தந்தி முழுதாக அதிரும்போதே இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து பகுதிகளாகவும் அதிர்கிறது. ஐந்து பகுதிகளாக அதிர்வதில் பிறப்பதுதான் அந்தக் காந்தாரம். கீபோர்டில் நீங்கள் அழுத்திய மூன்று ஸ்வரங்களும் பாட்டியின் தம்புராவுக்குள்ளேயே இருக்கின்றன.

சாம்பமூர்த்தி ஊர் திரும்பிய பிறகு, இந்திய இசை படிக்கும் மாணவர்களுக்காகவே மேற்கத்திய இசையின் அடிப்படைகளை விளக்கி ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதினார். 1937-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அங்கே பல ஆண்டுகள் இசைத்துறையை நடத்தினார். பரீட்சைக்குப் படிக்கும் மாணவர்களுக்கு எது வேண்டும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அவரும் பரதேசத்தில் புத்தகத்தைப் புரட்டிப் படித்த மாணவர்தானே! ஸ்வரம், தாளம், ராகம் என்று படிப்படியாக விளக்கி, தென்னிந்திய இசை பற்றி ஆறு பாகங்கள் எழுதினார். இசை படிக்கும் கல்லூரி மாணவர்களின் கையில் இந்தப் புத்தகங்களை இன்றும் பார்க்கலாம். எழும்பூர் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்ட இசைக்கருவிகளுக்கு விளக்கப் பட்டியல் தயாரித்ததும் அவர்தான்.

1963-ல் சங்கீத நாடக அகாடமியின் உயரிய கௌரவம் கிடைத்தது. 1971-ல் மத்திய அரசு பத்ம பூஷண் விருது அளித்தது.

அவர் எடுத்துக்கொண்ட வேலைகளிலேயே பெரியது ஓர் அகராதி. தென்னிந்திய இசையில் வரும் சொற்கள், கருவிகள், இசைக் கலைஞர்கள் எல்லாவற்றையும் ஆங்கில எழுத்து வரிசையில் தொகுக்கத் தொடங்கினார். முதல் பாகம் 1952-ல் வந்தது. மூன்றாவது பாகம் வருவதற்குள் 1971 ஆகிவிட்டது. இருபது ஆண்டு உழைத்தும் எழுத்து வரிசை முடியவில்லை. மீதி எழுத்துகள் காத்திருக்க, 1973 அக்டோபர் 23 அன்று சாம்பமூர்த்தி காலமானார்.